பதினொரு பேருக்கு எட்டு இருக்கைகள்

இந்தப் பயண முகவர் அலுவலகத்தில் எனக்கு இன்னும் ஒன்பது வேலை நாட்கள் இருக்கின்றன. ஒப்படைப்புக் குறிப்பை எழுதி முடித்துவிட்டேன். முன்பதிவு எப்போது திறக்கும், பள்ளி விடுமுறையில் எந்த வண்டி முதலில் நிறையும், டிக்கெட்டை மாற்ற எவ்வளவு முன்னதாகக் கேட்க வேண்டும், மடிக்குழந்தையை எப்படிப் பதிய வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. படித்தால் புரியும். புரியாத இடத்தில் திரையே சொல்லிவிடும்.

இது அந்தக் குறிப்பில் சேராத விஷயம். எந்தத் தலைப்பின் கீழ் வைப்பது என்று இரண்டு நாள் யோசித்தேன், கிடைக்கவில்லை. அதனால் என் மேசைக்கு வரப்போகும் உங்கள் இருவருக்கும் தனியாக எழுதுகிறேன். பணி அனுபவம் என்றால் ஓய்வு பெற்றவர்கள் எழுதுவது. எனக்கு முப்பத்திரண்டு வயதுதான். ஆனால் ஏழு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகும்போது அதுவும் ஒருவகை ஓய்வுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் பாலிடெக்னிக்கில் கணினி படித்தவள். பெர்மாஸ் ஜெயாவில் இந்தக் கடைவீட்டு மாடிக்கு முதலில் வந்தது கணினியைச் சரிசெய்யத்தான். பிறகு முன்பதிவு அட்டவணைகளை ஒழுங்குபடுத்திக் கொடுத்தேன், அப்படியே தங்கிவிட்டேன். எனக்குப் பட்டியல் பிடிக்கும். எதையும் எண்ணிட்டு எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நம்புகிறவள். நான் சொல்லப்போகும் தவறும் அந்த நம்பிக்கையில் செய்ததுதான்.

மின்ரயில் நம் பக்கம் ஓடத் தொடங்கிய பிறகு வந்த நீண்ட பள்ளி விடுமுறை அது. பாலோவிலிருந்து மல்லிகா என்ற பெண் கூப்பிட்டார். குளுவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கணவர் சேகருக்கு சிங்கப்பூரில் வேலை. குடும்பத்தோடு பினாங்குக்குப் போக வேண்டும், நான்கு நாள் சுற்றிப் பார்க்க வேண்டும், போய்ச் சேர்ந்த மறுநாள் காலை அங்கே கோயிலில் பெண்குழந்தைக்குக் காதுகுத்து. குளுவாங்கில் ஏறி, கோலாலம்பூரில் வண்டி மாறி, பினாங்குக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த் வரை டிக்கெட் வேண்டும் என்றார்.

“எங்க தம்பி ரவி மட்டும் குலாயில ஏறுவான் மிஸ். அவன் வீடு செடெனாக். அவன் மடியில வெச்சுதான் காது குத்தணும்” என்றும் சொன்னார்.

நான் அதைக் குறித்துக்கொண்டேன். எப்படிக் குறித்தேன் தெரியுமா? தங்குமிடத்துக்கான தாளில், “மறுநாள் காலை, கோயில், பெரிய வேன் தேவை.” அவர் சொன்னதில் வேன் மட்டும் எனக்குத் தேவையாக இருந்தது.

பெயர்ப் பட்டியலை மல்லிகா பள்ளி நோட்டுத் தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். பதினொரு பெயர்கள். முதலில் மாமனார், மாமியார். அடுத்து சேகரின் அண்ணன் குடும்பம், நான்கு பேர். ஏழாவது சேகர். எட்டு, ஒன்பது, பத்து என்று ரவி, அவர் மனைவி சுமதி, அவர்கள் மகன். பதினொன்றாவதாக மல்லிகா. குழந்தைக்கு ஒரு வயது, அம்மா மடியில் போகும், தனி இருக்கை தேவையில்லை.

முன்பதிவு திறந்த காலையில் நான் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் காலை வண்டி கண்ணெதிரே கரைந்தது. எட்டு இருக்கைகள் கைக்கு வந்தன. மதிய வண்டியில் மூன்று. தேர்ந்தெடுத்த இருக்கைகளைத் திரை சில நிமிடங்கள்தான் நமக்காகப் பிடித்து வைத்திருக்கும். அதற்குள் யார் காலை, யார் மதியம் என்று பெயர்களை நிரப்பியாக வேண்டும். மல்லிகாவைக் கூப்பிட்டேன். அவர் ஷிப்டில் இருந்தார், கைப்பேசி லாக்கரில். சேகரைக் கூப்பிட்டேன்.

“மிஸ், நான் பஸ்ல இருக்கேன், சிங்கப்பூர் பாலத்துல ஜேம் லா. எப்படியாச்சும் போட்டுடுங்க. ராத்திரிக்குள்ள எல்லாம் அங்க இருந்தா போதும்” என்றார்.

மூன்று பேரை எடுக்க வேண்டும். பட்டியலின் அடியிலிருந்து தொடங்கினேன். பதினொன்று மல்லிகா, குழந்தையின் அம்மா, அவரை எடுக்க முடியாது. தாண்டினேன். பத்து, ஒன்பது, எட்டு. மூவரும் ஒரே குடும்பம், ஒன்றாகவே பயணம் செய்வார்கள். அவர்கள் மட்டும்தான் குலாயில் ஏறுகிறவர்கள். காதுகுத்துக்கு முதல்நாள் இரவே போய்ச் சேர்ந்துவிடுவார்கள். எந்தப் பக்கம் பார்த்தாலும் சரியாக இருந்தது. அழுத்தினேன். கடிகாரத்தில் இன்னும் ஒரு நிமிடம் மிச்சம் இருந்தது. அன்று எனக்கு என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சேகர் டிக்கெட்டுகளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மதியத்துக்குள் ரவி அந்தக் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

மாலையில் மல்லிகா கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“மிஸ், எங்க தம்பி வீட்ட மதிய வண்டியில போட்டது யாரு?”

“நான்தான் அக்கா. எட்டு சீட்தான் கெடச்சுச்சு.”

“குழந்தைய மடியில வெச்சிக்கப் போறவன் மிஸ் அவன். அவனையே பின்னாடி வாடான்னு சொன்ன மாதிரி ஆயிருச்சு.”

“அக்கா, காதுகுத்து மறுநாள் காலையிலதானே? அவங்க ராத்திரியே வந்துடுவாங்க. நேரம் சரியா இருக்கு.”

“நேரம் சரிதான் மிஸ். நான் நேரத்தக் கேக்கல.”

தனக்கு இருப்பது ஒரே தம்பி, அவன் வரவில்லை என்றால் காதுகுத்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அரை மணி நேரத்தில் சேகர்.

“மிஸ், ஒரு ஹெல்ப் பண்ணுங்க லா. மச்சானுக்கு போன் போட்டு, சிஸ்டம் அப்படித்தான் பிரிச்சுச்சு, யாரும் ஒன்னும் பண்ணலன்னு சொல்லிடுங்க. கம்ப்யூட்டர் மேல யாரு கோவப்படப் போறா?”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். உங்களுக்கும் இது வரும், மாதம் ஒருமுறையாவது வரும். சிஸ்டத்தின் மேல் பழியைப் போட்டால் வாடிக்கையாளர் நம்மைக் குறை சொல்ல மாட்டார், நாமும் வீட்டுக்குப் போகலாம். ஆனால் கணினி படித்தவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும். எத்தனை இருக்கைகள் இருக்கின்றன என்று மட்டும்தான் அது சொன்னது. யார் என்று சொன்னது என் விரல்.

“அப்படிச் சொல்ல முடியாதுண்ணே. நான்தான் பிரிச்சேன்னு நானே போய்ச் சொல்றேன்” என்றேன்.

“அலமாக்! எதுக்கு மிஸ் வம்பு? சரி, உங்க இஷ்டம்.”

பட்டியலை உங்கள் தம்பியிடம் காட்ட வேண்டியிருக்கலாம், பரவாயில்லையா என்று மல்லிகாவிடம் கேட்டுக்கொண்டேன். “காட்டுங்க. அதுல என்ன இருக்கு, பேருதானே” என்றார்.

சனிக்கிழமை செடெனாக் போனேன். புதிய தாமான் குடியிருப்பு, வரிசை வீடுகள். ரவிக்கு முப்பது வயதிருக்கும். பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் தரவு மையம் ஒன்றில் குளிரூட்டும் கருவிகளைப் பராமரிக்கும் வேலை. நான் யார் என்று சொன்னதும் கேட்டின் உள்பக்கமே நின்றுவிட்டார்.

“கேன்சல் பண்றதா இருந்தா போன்லயே சொல்லிருக்கலாமே மிஸ்.”

“கேன்சலுக்கு வரலண்ணே. உங்கள மதிய வண்டியில போட்டது நான்னு சொல்ல வந்தேன்.”

“மாமா சிஸ்டம்னாரே?”

சேகர் முந்திக்கொண்டுவிட்டார்.

“சிஸ்டம் எத்தனை சீட்டுன்னுதான் சொல்லும். யாரு எதுலன்னு ஒரு ஆளுதான் சொல்லணும். அந்த ஆளு நான்தான்.”

“அது எனக்கும் தெரியும். நானும் மெஷின்கூடத்தான் வேலை செய்யறேன். சரி, ஏன் எங்கள?”

“நீங்க மூனு பேரும் ஒரே குடும்பம். குலாயில ஏறுறவங்க நீங்க மட்டும்தான். லிஸ்ட்லயும் கீழ இருந்தீங்க.”

மூன்றாவது காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று சொல்லி முடிக்கும்போதே தெரிந்தது. காரணங்களை எண்ணிச் சொல்லும் பழக்கம் எனக்கு. இரண்டோடு நிற்கத் தெரியவில்லை.

“கீழயா?” ரவி சிரித்தார். “சுமதி, இங்க வா. கேட்டியா சேதி? லிஸ்ட்லயே நாம கீழதானாம்.”

துவைத்த துணிகளோடு வெளியே வந்த சுமதி, “மொதல்ல கேட்டத் தொறங்க. வெயில்ல நிக்க வெச்சே விசாரிப்பீங்களா? போலீசா நீங்க?” என்றார்.

உள்ளே உட்கார்ந்தோம். சுமதி மைலோ கலந்து கொடுத்தார். ரவி குடிக்கவில்லை.

“உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது மிஸ். அக்கா புது வீடு குடிபோனப்ப நாங்க விடியக்காலையிலயே போய்ட்டோம். பந்தல்ல இருந்து தண்ணி வரைக்கும் நான்தான் பாத்தேன். சாப்பாடுன்னு வந்தப்ப மாமா வீட்டு ஆளுங்கெல்லாம் மொத பந்தி. எங்கள இருடா, அப்புறம் உக்காரலாம்னுட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. அன்னிக்கு ரெண்டாவது பந்தி. இன்னிக்கு ரெண்டாவது வண்டி. நாளைக்கு எம் மருமக கல்யாணத்துல என்ன, ரெண்டாவது நாளா?”

மன்னிப்புக் கேட்டேன். தலையசைத்தார். பிறகு, “அந்த லிஸ்ட்டக் காட்டுங்க” என்றார்.

கைப்பேசியில் படத்தைத் திறந்து கொடுத்தேன். விரலால் பெரிதாக்கி மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். சுமதி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“அக்கா எழுத்துதான்” என்றார் சுமதி.

“ம். மேல பூரா மாமா வீட்டு ஆளுங்க. ஏழு பேரு. அப்புறம் எட்டு, ஒம்போது, பத்து, நாம.” விரல் இன்னும் கொஞ்சம் கீழே நகர்ந்தது. அங்கே நின்றது.

“பதினொன்னு?” என்றார் சுமதி.

“அக்கா.”

நான் அந்தப் பட்டியலைப் பத்து முறையாவது திறந்து பார்த்திருப்பேன். அந்தக் கடைசிப் பெயரை எடுக்க முடியாத ஒன்றாக நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். அது ஏன் கடைசியில் இருந்தது என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

சுமதிதான் சொன்னார். “அன்னிக்கும் அக்கா நம்மகூடதான உக்காந்தாங்க, ரெண்டாவது பந்தியில? ரசம் முடிஞ்சிருச்சுன்னு மோர ஊத்திச் சாப்பிட்டாங்க. மறந்துட்டீங்களா?”

ரவி கைப்பேசியை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். மைலோவை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார்.

“டிக்கட் இருக்கட்டும் மிஸ். பாக்கலாம்.”

பாக்கலாம் என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வருவேன் என்பதற்கும் அதுதான், வரமாட்டேன் என்பதற்கும் அதுதான். வாசலில் சுமதியைப் பார்த்தேன். அவரும் உதட்டைப் பிதுக்கினார்.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். காலை வண்டியில் யாராவது ரத்து செய்கிறார்களா என்று தினமும் பார்த்தேன். வேலைக்கு வந்ததும், சாப்பாட்டு இடைவேளையில், வீட்டுக்குப் போகும் முன்பு. மூன்று இருக்கைகள் விழுந்தால் ரவி குடும்பத்தைக் காலை வண்டிக்கு மாற்றிவிடலாம், எல்லாம் முடிந்துவிடும். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது ஓர் இருக்கை விழுந்தது. காலை வண்டியில் அல்ல, மதிய வண்டியில். கோலாலம்பூரிலிருந்து போகும் வண்டியிலும் ஒன்று இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. மல்லிகாவிடம் நிலைமையைச் சொல்லக் கூப்பிட்டேன்.

“காலை வண்டியில ஒன்னும் வரல அக்கா. மதிய வண்டியிலதான் ஒரே ஒரு சீட்டு விழுந்துருக்கு. அத வெச்சு ஒன்னும் பண்ண முடியாது.”

“ஏன் முடியாது?” என்றார் மல்லிகா. “எனக்குப் போடுங்க.”

எனக்கு முதலில் புரியவில்லை.

“அவங்க எல்லாம் காலையில போகட்டும் மிஸ். நான் குழந்தைய வெச்சிக்கிட்டு மதியம் ஏறுறேன்.”

“அக்கா, உங்க தம்பி வர்றேன்னு இன்னும் சொல்லல.”

“தெரியும். வரலன்னா அவன் சீட்டு காலியா இருக்கறதப் பாத்துக்கிட்டே போறேன்.”

“உங்க மாமியார் ஏதாச்சும் சொல்லுவாங்களே?”

“சொல்லுவாங்க. மொதல்ல வண்டி ஏத்திவிட்டுட்டு அப்புறம் கேட்டுக்கறேன்.” சிரித்தார். பிறகு குரல் மாறியது. “மிஸ், நான் அந்த வண்டியில வர்றத அவன்கிட்ட சொல்லிடாதீங்க. சொன்னா எனக்காக வந்த மாதிரி ஆயிரும். அவனா வரட்டும்.”

இருக்கை வேறு கோச்சில் இருக்கிறது என்றேன். பரவாயில்லை என்றார். போட்டுக் கொடுத்தேன்.

அந்த இருக்கை என் திரையில்தான் இருந்தது. நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். ஆனால் பின்னால் வருகிறவர்களை முன்னால் கொண்டுபோவது ஒன்றுதான் என் தலையில் இருந்தது. முன்னால் இருக்கும் ஒருவர் தானாகப் பின்னால் வரலாம் என்பது என் கணக்கில் இல்லை. நமக்குத் தோன்றாத வழிகள் வாடிக்கையாளருக்குத் தோன்றும். அவருக்குத் தோன்ற வேண்டுமானால் இருப்பதை இருப்பதாகச் சொல்ல வேண்டும். பயன்படாது என்று நாம் நினைக்கும் ஒற்றை இருக்கையைக்கூட.

பயண நாள். காலையில் சேகர் வண்டிக்குள்ளிருந்து படம் அனுப்பினார். ஏழு பேர், மல்லிகாவின் காலி இருக்கையில் மாமியாரின் கைப்பையும் முறுக்கு டின்னும். மாமியார் படத்தில் யாரையும் பார்க்கவில்லை.

மதியம் நெருங்க நெருங்க என் கை இரண்டு முறை கைப்பேசிக்குப் போனது. ஒரு வரி போதும். “அண்ணே, அக்கா குளுவாங்கில் உங்கள் வண்டியில்தான் ஏறுகிறார்கள்.” அந்த ஒரு வரியில் அவர் கட்டாயம் வந்துவிடுவார். எனக்கும் நிம்மதி. ஆனால் மல்லிகா கேட்டுக்கொண்டது அது அல்ல. தம்பியை வரவழைக்க அவருக்கு என் உதவி தேவைப்படவில்லை. தம்பி தானாக வருவானா என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கைப்பேசியை இழுப்பறைக்குள் வைத்தேன். பேசாமல் இருப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதி. எனக்கு மிகக் கடினமாக இருந்த பகுதி அதுதான்.

வண்டி குலாயைத் தாண்டும் நேரம் கடந்தது. குளுவாங்குக்கு இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. அந்த இடைவெளியில் அவர் ஏறினாரா இல்லையா என்பது அவருக்கும் சுமதிக்கும் மட்டும்தான் தெரியும். இழுப்பறைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். மல்லிகா. “வண்டி வருது.”

பிறகு ஒன்றும் இல்லை. எதிரே ஒரு தம்பதி ஈப்போவுக்கு டிக்கெட் கேட்டு உட்கார்ந்திருந்தார்கள். தேதியை இரண்டு முறை தவறாக அடித்தேன். “மிஸ், நாங்க பதினெட்டாம் தேதி சொன்னோம்” என்று அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னார்.

முக்கால் மணி நேரம் கழித்து ஒரு படம் வந்தது. முகம் எதுவும் இல்லை. ஒரு மடி, அதில் குழந்தை, சட்டைப் பொத்தானைப் பிடித்திருக்கும் சின்னக் கை. கீழே மல்லிகா எழுதியிருந்தார். “கோச் நாலு. ஒரு மலாய்க்கார மக்சிக் எங்களுக்காக எடம் மாத்திக் குடுத்தாங்க. நாலு பேரும் ஒன்னா இருக்கோம். அவன் ஒன்னும் பேசல. குழந்தைய வாங்கிக்கிட்டான்.”

தம்பதியிடம் மன்னிக்கச் சொல்லிவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

அதன் பிறகு என் படிவத்தை மாற்றினேன். இப்போது முதல் கேள்வி எத்தனை பேர் என்பதல்ல. இடம் பற்றாமல் போனால் யாரைப் பிரிக்கக் கூடாது என்பதுதான். யார் பட்டியல் எழுதினார்கள் என்றும் குறித்துக்கொள்கிறேன். அவசரத்தில் பேச வேண்டிய ஆள் எடுக்கவில்லை என்றால், பிடித்து வைத்த இருக்கைகள் போனாலும் போகட்டும் என்று விடுகிறேன். இரண்டு முறை அப்படி விட்டிருக்கிறேன். இரண்டு முறையும் முதலாளி என்னைத் திட்டினார். உங்களையும் திட்டுவார்.

போன வாரம் ரவியிடமிருந்து ஒரு படம் வந்தது. வருட இறுதி விடுமுறைக்கு எல்லோரும் மறுபடியும் வடக்கே போகிறார்கள், பாடாங் பெசார் வரைக்கும். இந்த முறை பட்டியல் அவர் எழுத்து. முதல் பெயர் மல்லிகா. அடுத்து சேகர், அவருடைய அப்பா, அம்மா, அண்ணன் வீட்டு நால்வர். பிறகு சுமதி, மகன். பதினொன்றாவது ரவி.

முன்பதிவு திறக்கும்போது நான் இங்கே இருக்க மாட்டேன். உங்களில் ஒருவர்தான் போட வேண்டும். எட்டுதான் கிடைத்தது என்றால், எதையும் அழுத்தும் முன் ரவியைக் கூப்பிடுங்கள். அவர் எண்ணைப் பட்டியலின் மேலேயே எழுதி வைத்திருக்கிறேன்.